லீபெரோவின் ஒன்பதரை விரல்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. எங்கள் ஊர் பெத்ரோனாவில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், இப்படித்தான் நடந்தது என்பார்கள். சரி, லீபெரோ ஒரு தடவை மலை உச்சியில் தும்மியதில், கீழே துறைமுகத்தில் நின்ற கப்பல் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது என்று எப்போதும் சொல்வேன். அது நான் சேர்த்தது. கப்பல் சும்மா கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான். ரொட்டியில் கொழுப்பைத் தடவுகிற மாதிரி அங்கங்கே தடவியிருப்பேன். ரொட்டி நிஜம்.

கதை ஷுஷானுடையது. ஆர்மீனியா நாட்டுப் பெண். கியூம்ரி என்கிற ஊரிலிருந்து, பளிங்கில் சிலை செதுக்கப் படிக்க வேண்டும் என்று இத்தாலிக்கு வந்தவள். வந்து இறங்கிய அன்று அவள் பெட்டியைத் தூக்கப் போன பஸ் டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"உள்ள என்னம்மா, உங்கப்பாவையா வெச்சிருக்க?"

"உளிங்க," என்றாள் அவள். "அப்பா ஊர்ல மண்ணுக்குள்ள இருக்கார்."

அந்த ஊரில் பெரிய பூகம்பம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. கல் வீடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் உட்கார்ந்துவிட்டன. அவளுடைய அம்மா இன்னும் சரக்கு ஏற்றுகிற ஓர் இரும்புப் பெட்டியில்தான் குடியிருந்தாள். கோடையில் அடுப்பு, குளிரில் ஐஸ் பெட்டி. அதிலிருந்து தப்பித்து வந்தவள் இவள்.

தப்பித்தது நிலைக்க வேண்டும் என்றால் ஒரு விதி இருந்தது. மலையடிவார நகரத்துச் சிற்பக் கல்லூரியில், வெளிநாட்டுப் பிள்ளைகள் ஜூன் மாதம் ஆளுக்கு ஒரு பளிங்குச் சிலையைத் தேர்வாளர்கள் முன்னால் வைக்க வேண்டும். முடிந்த சிலை. அரைகுறைக்கு இடமில்லை. அவர்கள் கையெழுத்துப் போட்டால் போலீஸ் ஆபீசில் தங்கும் அனுமதி நீளும். போடாவிட்டால் ஜூலையில் ரயில், திரும்பவும் அந்த இரும்புப் பெட்டி.

அவள் செதுக்கியது எங்கள் பெத்ரோனாவில், சிரியோவின் பட்டறையில். சிரியோ கல்லறைகளுக்குச் சிங்கமும் மாதாவும் செய்பவர். சிங்கம், மாதா, சிங்கம், மாதா என்று வாழ்நாள் முழுக்க மாற்றி மாற்றி அடித்து, ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் மாதாவுக்குப் பிடரிமயிர் வைத்துவிட்டார். அதையும் ஓர் அமெரிக்காக்காரன் அழுதுகொண்டே வாங்கிப் போனான். பட்டறையைக் கூட்டிப் பெருக்குகிறேன் என்று சொல்லி அங்கே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள் ஷுஷான். குளிர்காலம் முழுக்க ஒரு தேவதையைச் செதுக்கினாள். வாத்தியார் வந்து பார்த்தார். வாழ்த்து அட்டையில் இருப்பது போல இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் லீபெரோ உள்ளே வந்தது. குவாரியில் கல் அறுப்பவர். ஐம்பது வயது, கதவு அகலத்துக்குத் தோள். சிரியோ மாதிரியே கறுப்புக் கொடிக் கட்சி, சாமியும் கிடையாது, சர்க்காரும் கிடையாது. கோயில் மணி அடித்தால் எதிர்த் திசையில் நடப்பார். அதனாலேயே ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் பாதிரியார்.

தேவதையைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தார். "பொண்ணே, இது என்னது?"

"தேவதை."

"எங்க மாமா வீட்ல ஒரு பசு இருந்துச்சு. கன்னு போடுறதுக்கு முன்னாடி இப்பிடித்தான் பாக்கும்."

"நீங்க தேவதைய பாத்திருக்கீங்களா?"

"நீ பாத்திருக்கியா?"

அவள் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை பற்றி நான் சொன்னால் கொழுப்பைத் தடவுகிறான் என்பீர்கள். ஒனேலியா, அவர் மனைவி, மழை வந்தால் குடையைத் தேடமாட்டாள், புருஷனைக் கூப்பிடுவாள் என்பது மட்டும் போதும். இடது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

"மீதி விரல் எங்க?" என்று கேட்டாள்.

"மலைக்கு அட்வான்ஸ் குடுத்தேன். மிச்சத்த அப்புறமா வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கு."

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் அவர் வந்து உட்கார்ந்தார். முட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, சும்மா, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. அதுதான் சிலை. ஷுஷான் இரும்புக் காம்பஸை வைத்து அவர் மூக்கை அளப்பாள், முட்டியை அளப்பாள். "மூச்சு விடலாமா?" என்று கேட்பார். "கொஞ்சமா," என்பாள் அவள். ஒரு நாள் ஒனேலியா வந்து வாசலில் நின்று பார்த்தாள்.

"இருபத்தேழு வருஷமா சாப்பாட்டு மேசையில அஞ்சு நிமிஷம் உக்காருன்னு கெஞ்சறேன். உளிய காட்டினாத்தான் உக்காருவார்னு தெரிஞ்சிருந்தா கல்யாணச் சீரா நானும் ஒரு உளிய கொண்டாந்திருப்பேன்."

"நீ வாய வெச்சே செதுக்குறவளாச்சே," என்றார் லீபெரோ, தலையைத் திருப்பாமல்.

கை கஷ்டம் என்பதால் ஷுஷான் அதைக் கடைசிக்கு விட்டாள். களிமண்ணில் முதலில் செய்து பார்த்தாள், ஒவ்வொரு மடிப்பையும் நகத்தையும் அளந்து செய்தாள். கல்லிலோ அந்த இடத்தில் இன்னும் இரண்டு பன் ரொட்டிதான் இருந்தது. முகம் முடிந்தது, தோள் முடிந்தது, காலணியின் கயிறுகூட முடிந்தது. திங்கட்கிழமை தேர்வு. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலையில் மலையில் கொம்பு ஊதினார்கள்.

அந்தக் கொம்பு ஊதினால் எங்கள் பள்ளத்தாக்கில் பேச்சு கிடையாது. சிரியோ காற்று மிஷினை நிறுத்தினார். எதிர்ப் பட்டறை நின்றது. கீழே ஆற்றங்கரையில் கல் அறுக்கிற மில் நின்றது. குவாரியில் செத்தவன் மண்ணுக்குள் போகிறவரை கல்லின் மேல் இரும்பு படக்கூடாது. கவர்னரே வந்து சொன்னாலும் படாது. ஷுஷானும் உளியைக் கீழே வைத்தாள். அவளுக்கு அந்த அமைதி பழக்கமானது. கியூம்ரியில் இடிபாட்டைத் தோண்டியபோது, நடு நடுவே யாரோ கையைத் தூக்குவார்கள், ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அடியிலிருந்து ஏதாவது குரல் வருகிறதா என்று. அங்கே உயிரோடு இருப்பவனுக்காக அமைதி. இங்கே அப்படி இல்லை என்பதை சிரியோவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

பேரைச் சொல்லி யாரும் கத்தமாட்டார்கள். குவாரி லாரி மலையிலிருந்து இறங்கும். குவாரிக்கு ஆள் அனுப்பிய வீட்டுப் பெண்கள் எல்லோரும் வாசலில் நிற்பார்கள். லாரி எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வீடு. அன்று அது ஒவ்வொரு வாசலாகத் தாண்டி வந்தது. தாண்டிய வீட்டுப் பெண்கள் அப்படியே படியில் உட்கார்ந்தார்கள். லாரி ஒனேலியாவின் வாசலில் நின்றது. மாவில் புரண்டவன் போல உடம்பெல்லாம் கல் தூசியோடு லீபெரோவின் கூட்டாளி வாஸ்கோ இறங்கினான். தொப்பியைக் கழற்றினான்.

வழக்கமாக இரண்டாம் நாள் அடக்கம் நடந்துவிடும். இந்தத் தடவை மாஜிஸ்திரேட்டு உடலைப் பிடித்து வைத்துக்கொண்டார். கல் ஏன் சரிந்தது, கயிறு யாருடையது, விசாரணை. லீபெரோவைக் கல் பிடித்தது ஒரு நொடி, காகிதம் பிடித்தது ஒரு வாரம். திங்கட்கிழமை சாயங்காலம்தான் அடக்கம் என்றார்கள். தேர்வு அன்று காலை.

ஷுஷான் கல்லூரிக்குப் போனாள். வாத்தியார் நல்ல மனுஷன், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "தேர்வாளருங்க வெளியூர்லேந்து வராங்கம்மா. தேதிய நகத்த முடியாது. முடியலன்னா செப்டம்பர்ல காட்டு."

"ஜூலையில எனக்கு அனுமதி முடியுது."

வாத்தியார் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் ஒன்றும் இல்லை.

அவள் திரும்பி வந்து சிலைக்கு எதிரே உட்கார்ந்தாள். உளியைத் தொடவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் ஒனேலியா கறுப்பு உடுப்பில் வந்தாள். கதவைச் சாத்தினாள். உள்ளே ஷுஷானும் சிரியோவும்தான்.

"கைய காட்டு," என்றாள்.

"இன்னும் செதுக்கல, சிஞோரா. களிமண்ல இருக்கு."

ஈரத் துணியை விலக்கிக் காட்டினாள். ஒனேலியா ரொம்ப நேரம் அந்தப் பாதி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில என் சித்தி மக வேல பாக்குறா. மூஞ்சி நல்லா இருக்குன்னு சொன்னா. போர்வைய மாரு வரைக்கும் இழுத்து விட்ருக்காங்களாம். அதுக்குக் கீழ பாக்காத அக்கா, பாக்காதன்னு சொல்லிச் சொல்லி அழுவுறா. கை இல்லடி அவருக்கு. ரெண்டும் இல்ல."

சிரியோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கல்லுல முடி," என்றாள் ஒனேலியா. "நான் பாக்கணும்."

"யாரும் உளிய தொடக்கூடாதே."

"செத்தது ஊரோட புருஷனா, என் புருஷனா? நான் சொல்றேன், தொடு."

"ஊருக்கு ஒரு வார்த்த சொல்லிடறேன் ஒனேலியா," என்றார் சிரியோ.

"சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொல்லணும். கை இல்லாதவனப் பத்தி காப்பிக் கடையில பேசுவாங்க. அந்தப் பேச்சு இந்தக் கதவ தாண்டக்கூடாது. ரெண்டு பேரும் எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார்கள். அவள் போனதும் ஷுஷான் உளியை எடுத்தாள்.

எங்கள் பள்ளத்தாக்கு எப்படிப்பட்டது என்றால், இந்தப் பக்கம் ஒருத்தன் வயிறு கடமுட என்றால் அந்தப் பக்கத்து வீட்டில் சூப்பு சூடு பண்ணுவார்கள். மொத்த மலையும் வாயை மூடியிருக்கும்போது ஒரே ஒரு சுத்தியல். டிங், டிங், டிங். கோயில் மணியைவிடத் தெளிவாகக் கேட்டது. சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அந்த வெளிநாட்டுக்காரி அடிக்கிறாள், பரீட்சைக்காக, லீபெரோ இன்னும் மண்ணுக்குள் போகாதபோது, லீபெரோவின் சிலையையே அடிக்கிறாள்.

மறுநாள் காலையில் ஷுஷான் நெரினாவின் காப்பிக் கடைக்குப் போனாள். கடையில் நின்றவர்கள் சுவரோடு ஒதுங்கினார்கள். நெரினா காப்பியை ஊற்றினாள், கிண்ணத்தை அவள் முன்னால் தள்ளினாள், அவள் கை நீட்டியதும் திரும்ப எடுத்துத் தொட்டியில் கொட்டினாள்.

"பால் தீந்துபோச்சு," என்றாள்.

"நான் பால் இல்லாமத்தான் குடிப்பேன்."

"காப்பியும் தீந்துபோச்சு."

ஒரு வார்த்தை போதும், ஒனேலியாதான் சொன்னாள் என்று. அந்த வார்த்தை ஷுஷானின் பல் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு வெளியே போனாள். பட்டறைக்கு வருகிற வழியில் யாரோ மாடியிலிருந்து அழுக்குத் தண்ணீரை ஊற்றினார்கள். அந்த ஈர உடுப்போடுதான் வெள்ளிக்கிழமை முழுக்க வேலை செய்தாள். இரண்டே நாளில் இரண்டு கை எப்படி முடியும் என்று கேட்காதீர்கள். சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் முடிகிறது போலிருக்கிறது.

சனிக்கிழமை காலையில் முடிந்தது. நரம்பு, நகத்தில் இருந்த வெட்டு, அந்தப் பாதி விரல் முனையின் சுருக்கம் எல்லாம் இருந்தது. சிரியோ பார்த்துவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கிண்டலும் பண்ணாமல், "வா, எங்க வீட்ல சூப்பு குடி, மூணு நாளா பட்டினி கெடக்குற," என்றார்.

அவர்கள் சாப்பிட்டுத் திரும்பும்போது பட்டறைக் கதவு திறந்து கிடந்தது. கல் உடைக்கிற பெரிய சுத்தியல் சிலையின் காலடியில் கிடந்தது. இரண்டே அடிதான். இரண்டு கையும் மணிக்கட்டோடு ஒடிந்து, முட்டியிலிருந்தும் பெயர்ந்து, கல்தூளில் மல்லாந்து கிடந்தன.

ஷுஷான் அழவில்லை. குனிந்து இரண்டையும் எடுத்து மேசையின் மேல் வைத்துத் தூசி ஊதினாள். சிரியோ ஒடிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"அழாத."

"அழலியே."

"அப்ப நான்தான் போல. இங்க பாரு, சுத்தமா ஒடிஞ்சிருக்கு. உள்ள ரெண்டு கம்பிய விட்டு, பசைய போட்டு ஒட்டிடலாம். மேல தேச்சிட்டா, செஞ்ச உனக்கே தெரியாது. திங்கக்கிழம காலம்பற ஜம்முன்னு நிக்கும்."

அவர் பசையைக் குழைக்க ஆரம்பித்தபோது ஒனேலியா வந்தாள். கையைப் பார்க்க வந்தவள். தரையைப் பார்த்தாள், சுத்தியலைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை. மேசைக்குப் போய்த் தன் கையை அந்த வலது கையின் மேல் வைத்தாள். அது கல்யாணத்தன்று வைத்த மாதிரி பொருந்தி உட்கார்ந்தது.

"இன்னிக்குச் சாயங்காலம் பெட்டிய மூடறாங்க," என்றாள். "அதுக்கு முன்னாடி ஒரு தரம் என்ன உள்ள விடுவாங்க. இத எனக்குக் குடு. போர்வைக்குக் கீழ வெச்சுடறேன். கையில்லாம அனுப்ப மனசு வரல."

சிரியோ பசைக் கரண்டியோடு நின்றார். "ஒனேலியா, திங்கக்கிழம அவளுக்குப் பரீட்ச. கை இல்லன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்க."

ஒனேலியா சுட்டது போலக் கையை எடுத்தாள். "எனக்குத் தெரியாது. வேணாம், வேணாம். ஒட்டுங்க."

கியூம்ரியில் ஷுஷானின் அப்பாவைப் புதைத்த பெட்டியில் பாதிக்கு மேல் அவருடைய கோட்டுதான் இருந்தது. கோட்டுக்குள் வைக்க ஆள் கிடைக்கவில்லை. அம்மா அந்தக் கோட்டுக் கையை மடித்து மடித்து வைத்துக்கொண்டே இருந்தாள், யாரோ வந்து தூக்கிக்கொண்டு போகிறவரை. ஷுஷான் தன் கம்பளித் துண்டை எடுத்தாள். இரண்டு கையையும் அதில் சுற்றினாள். ஒனேலியாவின் கையில் வைத்தாள்.

"கனமா இருக்கும், சிஞோரா. ஒத்தயா தூக்காதீங்க."

"அவரு கைய தூக்கிப் பழக்கந்தாண்டி எனக்கு," என்றாள் ஒனேலியா.

திங்கட்கிழமை காலையில் சிரியோவின் வண்டியில் சிலை கல்லூரி முற்றத்துக்குப் போனது. மூன்று தேர்வாளர்கள். அதில் சால்வை போட்ட ஒருவர் சிலையை விட்டு நகரவே இல்லை. உட்கார்ந்திருக்கிற ஒரு தொழிலாளி, உழைக்கிற கை மட்டும் இல்லை. அவருக்கு மயிர்க்கூச்செறிந்திருக்க வேண்டும், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"கைய விட்டது உங்க யோசனதானே?" என்று கேட்டார். "ரொம்பத் துணிச்சல். ஆமான்னு சொல்லுங்க, எழுதிடறேன்."

அவளுடைய வாத்தியார் பின்னால் நின்று ஆமாம் என்று தலையை ஆட்டிக் காட்டினார். கழுத்து சுளுக்குகிற அளவுக்கு ஆட்டினார். ஆமாம் என்றால் இன்னொரு வருஷம் இத்தாலி. அம்மாவுக்கும் ஒரு வழி. ஷுஷான் அந்த வெறும் மணிக்கட்டுகளைப் பார்த்தாள். ஆமாம் என்றால், லீபெரோவைக் கை இல்லாத ஆளாக யோசித்தது தான்தான் என்று ஆகிவிடும்.

"இல்ல," என்றாள். "கை இருந்துச்சு."

"எங்க?"

"அவருகிட்ட."

சால்வைக்காரர் மற்ற இருவரையும் பார்த்தார். ஏதோ மொழிப் பிரச்சினை என்று நினைத்திருப்பார். உடைந்த சிலை முடிந்த சிலை ஆகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அங்கிருந்து நேராக அடக்கத்துக்கு வந்தாள். பாதிரியார் கிடையாது, கறுப்புக் கொடிகள், பாண்டு வாத்தியம், மொத்தப் பள்ளத்தாக்கும். அவளைச் சுற்றி மட்டும் வட்டமாக வெற்றிடம், தொற்றுநோய்க்காரியைச் சுற்றி இருப்பது போல. பெட்டியைத் தூக்கிய ஆறு பேரும் திணறினார்கள். லீபெரோ செத்தும் கனக்கிறான் என்று ஒருத்தன் முணுமுணுத்தான். முன்வரிசையில் நடந்த ஒனேலியா நின்றாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து ஷுஷானின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நடக்க வைத்தாள். ஊர் பார்த்தது. ஊருக்குப் புரியவில்லை, ஆனாலும் கேட்கவில்லை. மண் விழுந்து முடிந்ததும் முதல் பட்டறையில் மிஷின் ஓட ஆரம்பித்தது.

ஜூலையில் அவள் ரயில் ஏறினாள். பெட்டியைத் தூக்க யாரும் வரவில்லை, சிரியோவைத் தவிர. இப்போது அந்த இரும்புப் பெட்டி வீட்டிலேயே இருக்கிறாளா, வேறு எங்கேயாவது போனாளா, உளியைத் தொடுகிறாளா, யாருக்கும் தெரியாது. சிலை சிரியோவின் கொல்லையில் மழையில் நிற்கிறது. போன குளிர்காலத்தில் ஒனேலியா போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம்தான் சிரியோ வாயைத் திறந்தார். அதனால்தான் இன்றைக்கு நான் சொல்கிறேன், இதே நெரினாவின் கடையில் உட்கார்ந்து.

அந்த இரண்டு அடியை அடித்தது யார் என்று கேட்பீர்கள். பேர் சொல்லமாட்டேன். அவன் கிளாஸில் இன்னும் பாதி ஒயின் இருக்கிறது.

"என்னய எதுக்குடா பாக்குற?" என்றான் வாஸ்கோ.

"அவன் ஒன்ன பாக்கலியே," என்றாள் நெரினா.

"நாந்தான் அடிச்சேன். ஆமா. அவன இந்தக் கையால தோண்டி எடுத்தேன். கை இல்லங்கறது ஒனேலியாவுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். தோண்டிட்டு வந்து ரெண்டு நாளா தூங்காம கெடக்கேன், கீழ டிங்கு டிங்குன்னு அடிக்கிறா. போய்ப் பாத்தா அவன் கைய செஞ்சு வெச்சிருக்கா, நகத்தோட. நான் என்ன பண்ணியிருக்கணும்?"

"கேட்டிருக்கணும்," என்றாள் நெரினா.

"நீ கேட்டியா? காப்பிய தொட்டியில கொட்டினவதான நீ."

"காப்பி வேற, கை வேற."

"கல்லு மேல இரும்பு படக்கூடாதுன்னுதான ஒனக்குக் கோவம்," என்றார் மூலையிலிருந்து சிரியோ, தலையைத் தூக்காமல். "நீ தூக்கிட்டு வந்தது என்ன, தலகாணியா?"

வாஸ்கோ எழுந்தான். நாற்காலி பின்னால் விழுந்தது.

"இன்னொரு தரம் சொல்லு."

"தலகாணியான்னு கேட்டேன்."

"உக்காருய்யா, கிளாஸ ஒடச்சா நீதான் கூட்டணும்," என்று நெரினா கத்தினாள். "சிரியோ, நீயும்தான், வருஷக்கணக்கா வாயில என்னத்த வெச்சிருந்த? அந்தப் பொண்ணு போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த—"

"சத்தியம் பண்ணிக் குடுத்தேன்டி."

"சத்தியம் பண்ணானாம். சாமியே இல்லன்னு சொல்ற கட்சி, யாரு மேல பண்ணின?"

அதற்குள் வாஸ்கோ மேசையைத் தள்ளிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டான்.